கடற்கரை மணலின் நுண்ணழகும் எண்ணெய் மாசின் மறைந்திருக்கும் தீங்கும்: எண்ணூர்க் கரையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கடற்கரை மணல் உயிரற்றதும் ஒருதன்மைத்துமான பரப்பாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. நுண்நோக்கியின்கீழ் வைத்து நோக்கும்போது அது மலைப்பாறைகளின் சிதைவும் கடலுயிர்களின் எச்சமும் கலந்த பன்னிற மணிகளின் தொகுதியாகத் தோன்றுகிறது. அம்மணிகளுக்கு இடைப்பட்ட வெளிகளில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. கடல்நீரும் அவ்வெளிகளின் வழியே வடிகட்டப்படுகிறது. எண்ணெய் கசியும்போது அதனை உள்வாங்கிப் பல்லாண்டுகள் தேக்கிவைப்பவையும் அவ்வெளிகளே. எண்ணூர்ப் பகுதியில் 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த கசிவுகளை முன்வைத்து, மேற்பரப்பின் தூய்மையைக் கரை மீண்டதற்கான அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நெய்தல், கடற்கரை மணல், கனிம மணிகள், மணலிடை உயிரிகள், எண்ணெய்க் கசிவு, எண்ணூர்

முன்னுரை

தொல்காப்பியம் நானிலங்களை வகுக்குமிடத்து நெய்தல் நிலத்தைக் கடலின் பெயரால் சுட்டவில்லை. மணலின் பெயராலேயே சுட்டுகிறது. அலை கொண்டுவந்து குவித்த மணல்மேட்டிற்கு எக்கர் என்றும், நீர் வந்து சேரும் கரைக்கு அடைகரை என்றும், கரையை ஒட்டிய சோலைக்குக் கானல் என்றும் சங்கப் பாடல்களில் தனித்தனிப் பெயர்கள் வழங்குகின்றன. அடும்பு படர்வதும், ஞாழலும் புன்னையும் தாழையும் நிற்பதும், மகளிர் சிற்றில் இழைப்பதும், அலவனை ஆட்டி விளையாடுவதும் அம்மணலிலேயே. நெய்தல் வாழ்வின் மேடையாக மணல் அமைந்திருப்பதை இக்குறிப்புகள் உணர்த்துகின்றன.

எண்ணிலடங்காமையைக் கூறவும் மணலே உவமையாயிற்று. பஃறுளியாற்று மணலினும் மிகுதியான ஆண்டுகள் வாழுமாறு முதுகுடுமிப் பெருவழுதியைப் புறநானூற்றில் நெட்டிமையார் வாழ்த்துகிறார். இங்கு உவமையாக வருவது மணலின் பன்மை. ஒவ்வொரு மணிக்கும் உள்ள தனித்தன்மை வெறுங்கண்ணுக்குப் புலப்படாதது. அதனை நுண்நோக்கியே காட்டிற்று. அவ்வாறே, எண்ணெய்க் கசிவு கரைக்கு இழைக்கும் தீங்கிலும் கண்ணுக்குப் புலப்படுவது ஒரு பகுதியே. மணலின் அழகும் அதற்கு நேரும் கேடும் ஓரிடத்திலேயே, அதாவது மணிகளின் பரப்பிலும் அவற்றின் இடைவெளியிலும், மறைந்துள்ளன. ஆகவே முதலில் மணலின் அமைப்பையும் பின்னர் எண்ணெயின் செயற்பாட்டையும் அறிவது பொருத்தமாகும்.

மணலும் அதன் அளவும்

மணல் என்பது ஒரு பொருளின் பெயரன்று. ஓர் அளவின் பெயர். 1922-இல் வென்ட்வொர்த் வகுத்த அளவீட்டின்படி, 0.0625 மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரை குறுக்களவுள்ள துகள்கள் அனைத்தும் மணலாகும். அதனினும் நுண்ணியது வண்டல்; பெரியது சரளை. எரிமலைக் குழம்பு, பவளம், சிப்பி, பாறை என எதிலிருந்து பிறந்ததாயினும் இவ்வளவிற்குள் அமையும் துகள் மணலென்றே பெயர்பெறும். ஒரு கரையின் மணல் மற்றொரு கரையின் மணலை ஒத்திராமைக்கு இதுவே காரணம். ஒரு கைப்பிடி மணலை ஆராய்ந்தால், அக்கரைக்குப் பின்னுள்ள மலைகள் எவை, அதன் முன்னுள்ள கடலில் வாழும் உயிர்கள் எவை என்பவற்றைப் பெருமளவு கூறிவிட இயலும்.

மலைகள் தந்த மணிகள்

தமிழகக் கரைமணலின் பெரும்பகுதி குவார்ட்சு எனப்படும் சிலிக்கா கனிமமாகும். கருங்கற்பாறை வெயிலிலும் மழையிலும் சிதையும்போது அதிலுள்ள பெல்ட்சுபார் போன்ற கனிமங்கள் களிமண்ணாக மாறிவிடுகின்றன. கடினமும் வேதி உறுதியும் மிக்க குவார்ட்சு மட்டும் எஞ்சி, ஆற்றின் வழியே கடலை அடைகிறது. நுண்நோக்கியில் அது கண்ணாடிச் சில்லுபோல் ஒளியூடுருவும் தன்மையுடையதாய்த் தெரியும். நீரில் உருளும் சிறுமணிகளைச் சூழ்ந்துள்ள நீர்ப்படலம் மோதலின் வேகத்தைத் தணிப்பதால் அவற்றின் முனைகள் எளிதில் மழுங்குவதில்லை. காற்றால் அடித்துச் செல்லப்படும் மணிகளோ நேரடியாக மோதிக்கொள்வதால் உருண்டு, மேற்பரப்பு மங்கிக் காணப்படும். ஒரு மணி நீர்வழி வந்ததா, காற்றுவழி வந்ததா என்பதற்கு அதன் தோற்றமே சான்று பகர்கிறது.

குவார்ட்சுடன் அடர்த்தி மிக்க கனிமங்களும் கலந்து வருகின்றன. தமிழகத்தின் மலைகளில் பரவலாக உள்ள சார்னோகைட்டு முதலிய பழம்பாறைகள் அவற்றிற்கு மூலமாக அமைகின்றன. சார்னோகைட்டு என்னும் பெயரே கொல்கத்தாவில் உள்ள யோபு சார்னோக்கின் கல்லறையோடு தொடர்புடையது. அக்கல்லறைக் கல்லின் வகையைப் பல்லாவரம் பகுதிப் பாறையோடு ஒப்பிட்டு ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் அப்பெயரைச் சூட்டினார். இத்தகைய பாறைகள் சிதைந்து வரும் மணலில் கார்னெட்டு இளஞ்சிவப்பாகவும், இல்மனைட்டு கருமையாகவும், ருட்டைல் செம்பழுப்பாகவும், சிர்கான் நிறமற்றும், மோனசைட்டு தேன்மஞ்சளாகவும் தோன்றும். குமரிக் கரையில் பல நிற மணல்கள் அருகருகே காணப்படுவது இக்கனிமங்களின் சேர்க்கையாலேயே. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தேரி மணல் சிவந்திருப்பதற்கு மணிகளின்மேல் படிந்த இரும்பு ஆக்சைடு காரணமாகும்.

நிறங்களைப் பிரித்து வைப்பது அலையின் பணி. குவார்ட்சின் அடர்த்தி ஏறத்தாழ 2.65, இல்மனைட்டு, சிர்கான், மோனசைட்டு ஆகியவற்றின் அடர்த்தி 4.5-க்கும் மேல். கரையேறும் அலை எல்லா மணிகளையும் சுமந்து வருகிறது. திரும்பும் நீர் வலுக்குன்றியதாதலின் இலேசான குவார்ட்சை மட்டும் இழுத்துச் செல்கிறது. புயலுக்குப் பின் வெண்மணலில் கருவரிகள் தோன்றுவது இதனாலேயே. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கனிம மணல் செறிந்து கிடப்பதும் இவ்வாறுதான். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலைக் கண்ட செருமானிய வேதியியலர் ஷோம்பெர்க், 1909-இல் அதில் மோனசைட்டு இருப்பதைக் கண்டறிந்தார். தோரியமும் அருமண் தனிமங்களும் அடங்கிய அக்கனிமம் அக்கரையை உலகறியச் செய்தது.

உயிர்கள் ஆக்கிய மணல்

எல்லா மணலும் மலையிலிருந்து வருவதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் காணப்படும் வெண்மணலில் பவளத் துணுக்குகளும் சிப்பி, சங்கு ஆகியவற்றின் சிதைவுகளும் கடல்முள்ளெலிகளின் முட்துண்டுகளும் நிறைந்துள்ளன. பவளத்தைக் கொறித்து உண்ணும் கிளிமீன்கள் அதன் சுண்ணாம்பை நுண்துகளாக வெளியேற்றுகின்றன. வெப்பமண்டலத் தீவுகள் பலவற்றின் மணலில் அவற்றின் பங்கு பெரிது.

ஃபோராமினிஃபெரா எனப்படும் ஒருசெல் உயிரிகளின் ஓடுகள் இவற்றுள் தனிச்சிறப்புடையன. ஊசிமுனையளவே உள்ள அவ்வோடுகள் சங்குபோல் சுருண்டும், அறையறையாகப் பகுக்கப்பட்டும், சல்லடைபோல் துளையிடப்பட்டும் காணப்படும். சப்பானின் ஒக்கினாவாத் தீவுகளில் விண்மீன் வடிவ ஓடுகளே கரைமணலாகக் குவிந்துள்ளன. ஓடுகளின் வகையும் வேதியியலும் அவை வாழ்ந்த நீரின் ஆழத்தையும் வெப்பநிலையையும் உணர்த்துவதால், பண்டைக் கடலின் நிலையை அறிய அறிவியலர் அவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

மணிகளுக்கிடையே ஓர் உலகம்

மணலின் அழகை விடவும் குறைவாக அறியப்பட்டது அதன் இடைவெளி. மணிகள் எவ்வளவு நெருங்கிக் கிடப்பினும் அவற்றிடையே வெளி எஞ்சும். கரைமணலின் மொத்தப் பருமனில் ஏறத்தாழ 40 விழுக்காடு இவ்வாறு வெளியாக உள்ளது. அவ்வெளியில் கடல்நீரும் காற்றும் மாறிமாறி நிறைகின்றன. அலை ஏறும்போது நீர் உள்ளிறங்குகிறது; வற்றும்போது காற்று நுழைகிறது. கரை மூச்சுவிடுகிறது என்று இதனைக் கூறுவது பொருந்தும்.

அவ்வெளியில் வாழும் விலங்குகளை 1920-களில் தொடங்கிச் செருமனியின் கீல் நகரில் ஆராய்ந்தவர் அடால்ஃப் ரெமானே. கண்ணுக்குத் தெரியும் விலங்குகளுக்கும் நுண்ணுயிர்களுக்கும் இடைப்பட்ட அளவுள்ள இவ்வுயிரிகளுக்கு 1942-இல் மோலி மேர் தனிப் பெயரளித்தார். நூற்புழுக்கள், துடுப்புக்காலிகள், நீர்க்கரடிகள் முதலியன இத்தொகுதியில் அடங்கும். மணிகளிடையே நெளிந்து செல்லும் நீள்உடல், அலை இழுத்துச் செல்லாமல் மணியைப் பற்றும் ஒட்டுறுப்பு ஆகியவை இவற்றிற் பலவற்றுக்குப் பொதுவானவை. வெவ்வேறு மரபில் வந்த விலங்குகள் ஒரே வாழிடத்தின் தேவையால் ஒத்த வடிவம் பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

மணிகளின் பரப்பில் படலமாக ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள், உள்ளிறங்கும் நீரிலுள்ள கரிமப் பொருள்களைச் சிதைக்கின்றன. அவற்றை நுண்விலங்குகள் உண்கின்றன. மட்டிகளும் நண்டுகளும் கரைப்பறவைகளும் இவ்வுணவுத் தொடரின் மேற்படிகளில் உள்ளன. மணற்கரை இவ்வாறு கடலின் வடிகட்டியாகவும் ஊட்டப்பொருள்களை மீட்டளிக்கும் களமாகவும் இயங்குகிறது. இவ்வியக்கம் முழுவதும் இடைவெளி திறந்திருப்பதையே சார்ந்துள்ளது.

எண்ணெய் மணலை அடையும் முறை

கடலிற் சிந்திய எண்ணெய் ஒரே நிலையில் இருப்பதில்லை. இலேசான கூறுகள் சில நாள்களில் ஆவியாகின்றன. எஞ்சிய கனமான கூறுகள் அலையால் கடையப்பட்டு நீருடன் கலந்து பால்மமாகின்றன. இப்பால்மத்தில் நீரின் பங்கு 70 விழுக்காட்டிற்கும் மேற்படலாம். ஆகவே கரையை அடையும் கழிவின் பருமன் சிந்திய எண்ணெயைப்போல் மூன்று, நான்கு மடங்காகப் பெருகுகிறது. கப்பல்களின் எரிபொருளாகப் பயன்படும் கன எண்ணெயில் இது மிகுதி. நெடுநாள் மிதந்து இறுகியவை தார் உருண்டைகளாகக் கரையொதுங்குகின்றன.

கரையில் எண்ணெய் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை மணியின் அளவே முடிவு செய்கிறது. நுண்மணலில் எண்ணெய் பெரும்பாலும் மேலே தங்கும். பருமணலிலும் சரளையிலும் ஆழமாக இறங்கும். இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவில் 1970-களில் உருவான கரை உணர்திறன் குறியீடு, கரைகளை 1 முதல் 10 வரை தரப்படுத்துகிறது. அலை மோதும் திறந்த பாறைக்கரை 1, நுண்மணற்கரை 3, பருமணற்கரை 4, சரளைக்கரை 6, சதுப்பும் அலையாத்திக்காடும் 10. பாறையின் மேற்பரப்பை அலை கழுவிவிடும்; இடைவெளியும் தேக்கமும் மிகும்தோறும் எண்ணெய் நிலைத்துவிடும் என்பதே இவ்வரிசையின் உட்கருத்து.

இடைவெளியில் நுழைந்த எண்ணெய் மணியின்மேல் படலமாகப் படிந்து காற்றையும் நீரையும் தடுக்கிறது. நூற்புழுவும் துடுப்புக்காலியும் மூச்சுத் திணறியும், எண்ணெயிலுள்ள பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்களின் நச்சாலும் மடிகின்றன. மட்டிகளின் உடலில் அந்நச்சுகள் சேர்கின்றன. கருமை படிந்த மணல் வெயிலை மிகுதியாக ஈர்ப்பதால் வெப்பமும் உயர்கிறது. சென்னைக் கரையில் சனவரி முதல் மார்ச்சு வரையிலான திங்கள்களில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்கு இது இருமுனைக் கேடு. முட்டையின் ஓடு வழியே காற்று புகவேண்டும்; குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் மணலின் வெப்பநிலையே முடிவுசெய்கிறது.

புதைந்து நிற்கும் எண்ணெய்

மணற்கரை நிலையானதன்று. ஒரு பருவத்தில் அலை மணலை அரித்துச் செல்கிறது. மறுபருவத்தில் கொணர்ந்து நிரப்புகிறது. எண்ணெய் படிந்த பரப்பின்மேல் புதுமணல் படியும்போது, கரை தூய்மை பெற்றதுபோல் தோன்றும். தோண்டிப் பார்த்தாலன்றிக் கீழுள்ள கரிய அடுக்கு தெரியாது. பின்வரும் புயல் அம்மணலை அரிக்கும்போது எண்ணெய் மீண்டும் வெளிப்படும்.

1989 மார்ச்சு 24 அன்று அலாஸ்காவில் எக்சான் வால்டெசு கப்பல் தரைதட்டியதில் ஏறத்தாழ 37,000 டன் கச்சா எண்ணெய் சிந்தியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2001-இல் அப்பகுதிக் கரைகளைத் தோண்டி ஆராய்ந்தபோது, சரளைக்கடியில் சிதையாத எண்ணெய் பல இடங்களில் காணப்பட்டது.

2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த்துளை மேடை வெடித்ததை அடுத்து, புளோரிடாவின் பென்சகோலா மணற்கரையில் நிகழ்ந்த ஆய்வுகள் மற்றொரு முகத்தைக் காட்டின. மணிகளிடையே நுண்ணிதாகப் பரவிய எண்ணெய், பாக்டீரியாக்களால் ஏறத்தாழ ஓராண்டில் சிதைந்தது. கோல்ஃப் பந்தளவு திரண்ட எண்ணெய்-மணல் கட்டிகளோ முற்றும் சிதைய 30 ஆண்டுகளுக்கும் மேலாகும் என 2019-இல் வெளியான ஆய்வு கணித்தது. கட்டியின் உட்புறத்திற்குக் காற்றும் ஊட்டமும் சென்று சேராமையே காரணம்.

இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகிறது. எண்ணெயைத் தேக்குவதும் இடைவெளியே; சிதைப்பதும் இடைவெளியே. மூச்சுவிடும் மணல் தன்னைத் தானே மீட்கிறது. மூச்சடைந்த மணல் நஞ்சைக் காத்துவைக்கிறது.

எண்ணூர்க் கரை: 2017, 2023

2017 சனவரி 28 விடியற்காலையில் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. தொடக்கத்தில் பாதிப்பு மிகச் சிறிதென்றே கூறப்பட்டது. அடுத்த நாள்களில் கன எண்ணெய் தெற்கே சென்னைக் கரை நெடுகப் பரவியது. எர்ணாவூர்ப் பகுதியில் கரையோரப் பாறைகளுக்கிடையே அது தடித்த குழம்பாகத் தேங்கியது. கடலோரக் காவல்படையினரும் மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் வாளிகளால் அதனை அள்ளினர். ஆமை முட்டையிடும் பருவத்தில் நிகழ்ந்த அக்கசிவால் கடலுயிர்கள் மடிந்தன. மீன் விற்பனை வீழ்ந்து மீனவர் வருவாய் இழந்தனர்.

எண்ணெய் அங்குத் தேங்கியமைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. சென்னைக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச்சுவர் அந்நகர்வை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை அரிப்புற்றது. அரிப்பைத் தடுக்கக் கற்சுவர்களும் குறுக்குத் தடுப்புகளும் அமைக்கப்பட்டன. 2017-இல் எண்ணெய் சிக்கியது அத்தகைய கற்களுக்கிடையிலேயே. பாறைக்கரையை அலை கழுவிவிடும் என்னும் பொதுவிதி இங்குப் பொருந்தவில்லை. இயற்கைப் பாறையின் திறந்த முகம் வேறு. கொட்டிய கற்குவியலின் பொந்துகள் வேறு. மணலை இழந்த கரை, எண்ணெயைத் தாங்கும் திறனையும் இழந்திருந்தது.

2023 திசம்பரில் மிக்ஜாம் புயலை ஒட்டிய வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. இம்முறை பாதிக்கப்பட்டவை குறியீட்டின் உச்சியிலுள்ள அலையாத்திக்காடும் சேற்றுப்பரப்பும். படகுகளும் வலைகளும் எண்ணெய் தோய்ந்தன. கூழைக்கடாக்களின் இறகுகள் கறுத்தன. கழிமுகத்தில் இறங்கிக் கைகளாலேயே இறால் பிடித்து வாழும் இருளர் மக்களுக்கு அந்நீரும் சேறுமே தொழிற்களம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்நிகழ்வைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது.

தூய்மைப்பணியின் இரு முகங்கள்

எண்ணெயை அகற்றும் முறையே கரைக்கு இரண்டாம் கேடாவதும் உண்டு. 1967-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் டோரி கேன்யன் கசிவின்போது தெளிக்கப்பட்ட சலவைப்பொருள்கள் எண்ணெயினும் மிகுதியாக உயிர்களை அழித்தன. அலாஸ்காவில் உயரழுத்த வெந்நீர் பாய்ச்சியதால் எண்ணெய்க்குத் தப்பிய உயிரிகளும் மடிந்தன. இயந்திரங்களால் மணலை வாரி அகற்றுவதும் இத்தகையதே. எண்ணெய் சிறிதே கலந்த மணலையும் அள்ளிச் செல்வதால் கழிவின் அளவு பெருகும்; மணலிடை உயிரிகளும் உடன் அகற்றப்படும். வடசென்னை போன்று மணல் வரவு குன்றிய கரையில் அவ்விழப்பு எளிதில் ஈடாகாது. கனவூர்திகளின் எடையோ மேலுள்ள எண்ணெயைக் கீழே அழுத்திப் புதைத்துவிடும்.

ஆகவே திரண்ட எண்ணெயையும் கட்டிகளையும் கையால் விரைந்து அகற்றுவதும், மெலிதாகப் படிந்த மணலை அலைபடும் இடத்திற்கு நகர்த்தி அலையால் கழுவவிடுவதும், எஞ்சியதை நுண்ணுயிர்களின் சிதைவுக்கு விடுவதும் மணற்கரைக்கு ஏற்ற வழிகளாகும். பணியாளருக்குக் கையுறையும் காலணியும் முகக்கவசமும் இன்றியமையாதன. பணி முடிந்த பின்னரும் பருவந்தோறும் குழி தோண்டி, மணலடுக்குகளையும் நுண்விலங்குகளின் எண்ணிக்கையையும் ஆராய்தல் வேண்டும். நூற்புழுக்களுக்கும் துடுப்புக்காலிகளுக்கும் இடையிலான விகிதம் கரையின் நலனை உணர்த்தும் எளிய குறிகளுள் ஒன்றாக ஆய்வாளரால் கொள்ளப்படுகிறது. துடுப்புக்காலிகள் மாசினால் எளிதில் குன்றுவன. நூற்புழுக்கள் பெரிதும் தாங்குவன. ஒரு கல்லூரி ஆய்வகத்தின் நுண்நோக்கியைக் கொண்டே இத்தகைய ஆய்வை மேற்கொள்ள இயலும்.

முடிவுரை

கடற்கரை மணல், மலைகளின் வரலாற்றையும் கடலுயிர்களின் எச்சங்களையும் தாங்கி நிற்கும் தொகுதியாகும். அதன் இடைவெளிகள் உயிர்களின் உறைவிடமாகவும் கடலின் வடிகட்டியாகவும் அமைந்துள்ளன. எண்ணெய் அவ்விடைவெளிகளை அடைப்பதன் வழியாகவே கரைக்கு நெடுங்காலக் கேட்டை விளைவிக்கிறது. 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணற்குன்றுகளையும் ஆமைகள் முட்டையிடும் இடங்களையும் உயரிய பாதுகாப்புப் பிரிவில் வைத்துள்ளது. ஆயினும் கசிவு நேர்ந்த பின் கரையின் மீட்சியைத் துணிவதில் மேற்பரப்பின் தோற்றமே இன்றும் பெரிதும் கருதப்படுகிறது. கருமை மறைந்த நாளில் தூய்மைப்பணி முடிந்ததாக அறிவிப்பது, தோண்டிப் பாராது அளித்த தீர்ப்பாகும். மணலின் பெயரால் ஒரு நிலத்தையே அடையாளங்கண்ட மரபினர், அம்மணலின் மேற்பரப்போடு நில்லாது அதன் ஆழத்தையும் காக்கக் கடமைப்பட்டுள்ளனர்.